கொல்லுலையிற் பிறக்கும் கத்தி

ஒரு நாட்டு மக்களின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் அவர்தம் நூல்களைப் படிப்பர், கோயில்களைக் காண்பர், பாடல்களைக் கேட்பர். அவர்கள் அன்றாடம் கையாளும் கத்தியை எடுத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஆயினும், ஒருவர் செய்யும் தொழில் யாது, அவர் எதை வெட்டி உண்கிறார், எதை அறுத்து விற்கிறார் என்பவற்றைக் கத்தியைப் போலத் தெளிவாக எடுத்துரைக்கும் பொருள் வேறொன்றில்லை.

தலைமன்னாரிலிருந்து பேசாலை வழியாக மன்னார் நகருக்கு வந்து, பாலத்தைக் கடந்து, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை என்று கரையோரமாகத் தெற்கே செல்லும் ஒருவர் பல வகைக் கத்திகளைக் காணலாம். மீன் இறங்கும் துறையிலே பெரிய மீனைத் துண்டமிடும் அகன்ற, கனத்த கத்தி உண்டு. கருவாட்டுக்காக மீனின் வயிற்றைக் கீறுவதற்கு ஒடுங்கிய, நுனி கூரிய கத்தி உண்டு. பனங்கூடலிலே கள்ளும் கருப்பணியும் இறக்குவோர் இடுப்பிற் செருகிச் செல்லும் பாளைக்கத்தி உண்டு. திண்ணையில் அமர்ந்து ஓலை வார்ந்து பெட்டி இழைக்கும் பெண்களின் கையிலே சிறு சத்தகம் உண்டு. காட்டோரத்துப் பற்றையையும் முள்ளையும் வெட்டுவதற்குக் காட்டுக்கத்தி உண்டு. இவை ஐந்தும் இரும்பு வகையால் ஆனவையே. ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. சத்தகத்தால் முள்மரத்தை வெட்டினால் அது முறியும். காட்டுக்கத்தியாற் பாளையைச் சீவினால் பாளை கெடும்.

கடையிலே பளபளவென்று மின்னும் கத்திகள் மலிவாகக் கிடைக்கும் இக்காலத்தில், கொல்லரிடம் சென்று, அளவு சொல்லி, காத்திருந்து ஒரு கத்தியைச் செய்விப்பது எதற்காக என்று நீங்கள் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், கம்மாலைக்குள் நுழைந்து, அங்கே தீயினுள் நடப்பது என்ன என்பதை அறிதல் வேண்டும். அதனையே இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

முதலில் இரும்பைப் பற்றிச் சில சொற்கள். நாம் பொதுவாக இரும்பு என்று சொல்வதெல்லாம் ஒரே பொருளன்று. அதனுள்ளே கலந்திருக்கும் காபன், அதாவது கரியின் சாரம், எவ்வளவு என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறும். நூற்றுக்கு பத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த காபன் உள்ளது தேனிரும்பு. அது வளையும், ஆனால் கூர் நில்லாது. நூற்றுக்கு 2 பங்கிற்கு மேற்பட்ட காபன் உள்ளது வார்ப்பிரும்பு. அது கடினமானது; ஆனால் அடித்தால் உடையும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே உருக்கு. எஃகு என்பதும் அதுவே. கத்திக்கு ஏற்றது நூற்றுக்கு அரைப் பங்கிலிருந்து ஒரு பங்கு அளவில் காபன் கொண்ட உருக்கு. அப்பம் ஒன்றுக்கு ஒரு சிட்டிகை உப்பு எப்படியோ, அப்படியே இரும்புக்கு இந்தக் காபன். அளவு சிறிது, ஆனால் எல்லாம் அதிலேதான் இருக்கிறது.

இன்றைய கொல்லர் தமக்கு வேண்டிய உருக்கை மண்ணிலிருந்து எடுப்பதில்லை. பழைய லொறிகளின் வில்லுத்தகடுகளே அவர்களுக்குப் பெரும்பாலும் மூலப்பொருள். ஆண்டுக்கணக்காகப் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்ந்த அத்தகட்டில் நூற்றுக்கு அரைப் பங்கிற்குச் சற்று மேலான காபன் உண்டு. அது காட்டுக்கத்திக்கும் மீன் வெட்டும் பெருங்கத்திக்கும் மிகப் பொருந்தும். தேய்ந்துபோன அரத்திலே நூற்றுக்கு ஒரு பங்கோ அதற்கு மேலோ காபன் இருக்கும். மெல்லிய கூர் வேண்டிய சிறு கத்திகளுக்கு அது உதவும். ஆனால் கட்டட வேலைக்குரிய கம்பியை எவ்வளவு அழகாக அடித்துத் தீட்டினாலும் அது கத்தியாகாது. அதிற் காபன் குறைவாதலின், எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் அது போதிய கடினம் பெறாது. அதனாற் செய்த கத்தி காலையிற் கூராகவும் மாலையில் மழுங்கியும் நிற்கும்.

இவ்வேறுபாட்டைக் கண்ணாற் கண்டறிய ஒரு வழி உண்டு. இரும்பைச் சுழலும் சாணைக்கல்லிற் பிடித்தால் தீப்பொறி பறக்கும். மெல்லிரும்பின் பொறி நீண்டு நேராகச் சென்று அணையும். உருக்கின் பொறியோ நுனியிலே வெடித்து, பூவாணம் போலக் கிளைத்துச் சிதறும். காபன் மிகுந்தால் அக்கிளைகளும் மிகும். பழக்கமுள்ளவர் இப்பொறியைப் பார்த்தே, இது எந்தக் கத்திக்கு ஆகும் என்று சொல்லிவிடுவார்.

இனிக் கம்மாலைக்குள் நுழைவோம். அங்கே வெளிச்சம் குறைவாகவே இருக்கும். அது வறுமையின் அடையாளமன்று, தொழிலின் தேவை. காய்ந்த இரும்பின் நிறத்தைக் கொண்டே அதன் வெப்பத்தைக் கொல்லர் மதிப்பிடுகிறார். வெயில் வெளிச்சத்திலே கருஞ்சிவப்பும் செஞ்சிவப்பும் வேறுபடாது மறைந்துவிடும். நடுவிலே உலை, அதிலே சிரட்டைக்கரியோ மரக்கரியோ எரியும். பக்கத்திலே காற்றூதும் துருத்தி. முற்காலத்திலே ஆட்டுத்தோலால் ஆன துருத்தியை ஒருவர் இருந்து ஊதுவார். இன்று கையாற் சுழற்றும் காற்றூதியோ மின்னூதியோ அவ்வேலையைச் செய்கிறது. உலைக்கு எதிரே மரக்குற்றியில் இறுக்கிய பட்டடை. சம்மட்டி, சிறு சுத்தியல்கள், வாய் வேறுபட்ட குறடுகள், வெட்டிரும்பு, அரங்கள், தண்ணீர்த் தொட்டி, எண்ணெய்ச் சட்டி. இவ்வளவே கருவிகள். ஒரு பெரிய தொழிற்சாலையில் வெப்பமானிகளும் மின்னுலைகளும் செய்யும் வேலையை இங்கே கண்ணும் காதும் கையும் செய்கின்றன.

வில்லுத்தகட்டிலிருந்து வெட்டியெடுத்த துண்டு உலையிலே வைக்கப்படுகிறது. முதலிற் கருஞ்சிவப்பு, பின்பு செஞ்சிவப்பு, பின்பு செம்மஞ்சள் என நிறம் ஏறும். செம்மஞ்சள் நிறத்தில், ஏறக்குறைய 1000 பாகை செல்சியசில், இரும்பு களிமண்ணைப் போல இசைந்து கொடுக்கும். அந்நேரத்திலே ஒருவர் குறட்டாற் பிடித்துச் சிறு சுத்தியலால் இடம் காட்ட, மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். நிறம் கருஞ்சிவப்புக்கு இறங்கியதும் அடியை நிறுத்த வேண்டும். ஆறிய உருக்கை விடாது அடித்தால் அதனுள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உண்டாகும். அதற்கு மாறாக வெப்பம் எல்லை கடந்து ஏறினால், உருக்கிலிருந்தே பொறி பறக்கத் தொடங்கும். அப்போது உருக்கு எரிகிறது என்று பொருள். எரிந்த உருக்கை எவராலும் மீட்க இயலாது. எனவே அலகை அடித்தல் என்பது வலிமையைக் காட்டும் வேலையன்று. அடிக்க வேண்டிய நேரத்தையும் நிறுத்த வேண்டிய நேரத்தையும் அறியும் வேலை.

அலகின் வடிவம் வந்தபின் அதனை மீண்டும் செந்நிறமாகக் காய்ச்சி, சாம்பலிலே புதைத்து மெல்ல ஆறவிடுவர். அடியினால் உள்ளே ஏறிய இறுக்கம் இதனால் நீங்கும். பின்பு அரத்தால் அராவி, அலகின் முதுகிலிருந்து வாய் வரையில் ஒரே சீராக மெலியுமாறு செய்வர். இதுவரையிற் செய்த வேலையெல்லாம் கத்திக்கு உடல் கொடுத்தது. இனி உயிர் கொடுக்க வேண்டும். அதுவே தோய்ச்சல்.

உருக்கைச் செஞ்சிவப்பாகும்படி காய்ச்சி, சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்துவதே தோய்ச்சல். எளிய செயலாகத் தோன்றும். ஆனால் எண்ணற்ற கத்திகள் கெட்டுப்போவது இவ்விடத்தில்தான். உருக்கு ஏறக்குறைய 730 பாகையைத் தாண்டும்போது அதன் உள்ளமைப்பு மாறத் தொடங்கும். தனித்தனியே ஒதுங்கியிருந்த காபன் இரும்பினுள் எங்கும் கரைந்து பரவும். மெல்ல ஆறவிட்டால் அது மீண்டும் ஒதுங்கிவிடும். சட்டென்று குளிர்வித்தால் ஒதுங்குவதற்கு நேரமின்றி அங்கங்கே சிறைப்பட்டு நிற்கும். அச்சிறைப்பட்ட நிலையே உருக்கின் கடினத்திற்குக் காரணம். வெப்பம் குறைந்தால் கடினம் வராது. கூடினால் உருக்கின் மணிகள் பருத்து, கத்தி பீங்கானைப் போல உடையும்.

சரியான அந்த வெப்பத்தை வெப்பமானியின்றி எவ்வாறு அறிவது? நிறத்தைக் கொண்டு அறியலாம் என்றோம். வேறொரு வழியும் உண்டு. ஏறக்குறைய 770 பாகையில் இரும்பு காந்தத்தால் இழுக்கப்படும் குணத்தை இழந்துவிடும். எனவே உலையிலிருந்து எடுத்த அலகைக் காந்தத்திற் காட்டினால், அது ஒட்டாத அந்நிலையைக் கடந்து சற்றே வெப்பம் ஏறியவுடன் தோய்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். இன்று உலகெங்கும் கையாற் கத்தி செய்வோர் இந்தச் சோதனையையே பின்பற்றுகின்றனர்.

காந்தத்தைப் பற்றிப் பேசும்போது மன்னார்க் கரைக்குரிய ஒரு பழங்கதை நினைவுக்கு வருகிறது. காந்தக் கல்லாற் கட்டிய கோட்டை ஒன்றிலே கம்மாளர் வாழ்ந்தனர் என்றும், படையெடுத்து வந்தவர்களின் இரும்பு ஆயுதங்களை அக்கோட்டை இழுத்துப் பற்றிக்கொண்டது என்றும், முடிவிலே பகைவர் தீயை மூட்டி அக்கோட்டையை அழித்தனர் என்றும் கம்மாளரிடையே ஒரு கதை வழங்கிவந்தது. அக்கோட்டை நம் மாந்தையிலேயே, திருக்கேதீச்சரம் இருக்கும் மாதோட்டத்திலேயே, இருந்தது எனக் கொள்வோரும் உளர். கதை கதையாகவே இருக்கட்டும். ஆனால் அதிலே ஓர் உண்மை பொதிந்துள்ளது. காந்தக் கல்லும் போதிய வெப்பம் ஏறினால் தன் ஈர்ப்பை இழந்துவிடும். தீயையும் காந்தத்தையும் ஒருங்கே அறிந்த தொழிலாளரிடையே இக்கதை வாழ்ந்தது வியப்பன்று.

தோய்ச்சலுக்கு எதனைப் பயன்படுத்துவது என்பதும் சிந்திக்கத்தக்கது. தண்ணீர் விரைவாகக் குளிர்விக்கும். உப்பு நீர் அதனினும் விரைவாகக் குளிர்விக்கும். எண்ணெய் சற்று மெதுவாகக் குளிர்விக்கும். பழைய அரத்தின் உருக்குக்குத் தண்ணீர் பொருந்தும். லொறி வில்லின் உருக்குக்கு எண்ணெயே தக்கது. அதனைத் தண்ணீரில் அமிழ்த்தினால், சில வேளைகளில் மெல்லிய ஓர் ஒலி கேட்கும். அது அலகு வெடித்த ஒலி. பல மணி நேர உழைப்பு அவ்வொரு நொடியில் வீணாகும்.

தோய்ச்சல் பெற்ற அலகு மிகக் கடினமானது. ஆனால் அந்நிலையிற் பயன்படாது. கையிலிருந்து தவறி நிலத்தில் விழுந்தாலே முறிந்துவிடக்கூடும். எனவே அக்கடினத்தைச் சிறிது தணிக்க வேண்டும். இதனைப் பதம் இறக்குதல் எனலாம். அலகின் ஒரு பக்கத்தை மினுக்கிவிட்டு, மெல்லிய தணலிலே முதுகுப் பக்கமாகச் சூடேற்றினால், மினுக்கிய பரப்பிலே நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். 220 பாகை அளவில் வைக்கோலின் இளமஞ்சள். 250 பாகை அளவிற் கபிலம். 280 பாகை அளவில் ஊதா. 300 பாகை அளவில் நீலம். இளமஞ்சளில் நிறுத்தினால் கூர் நீடிக்கும். ஆனால் வளைவு தாங்காது. நீலத்தில் நிறுத்தினால் வளைந்து நிமிரும். ஆனால் கூர் விரைவில் மழுங்கும். எனவே பாளைக்கத்திக்கும் சத்தகத்துக்கும் இளமஞ்சள்; மீன் வெட்டும் கத்திக்குக் கபிலம்; எலும்பிலும் முள்மரத்திலும் மோதும் காட்டுக்கத்திக்கு ஊதா. திறமையுள்ள கொல்லர் ஒரே அலகில் முதுகை நீலத்துக்கும் வாயை மஞ்சளுக்கும் கொண்டுவருவார். அப்போது முதுகு அடியைத் தாங்கும், வாய் வெட்டும்.

வாய் கடினமாகவும் முதுகு இளகியும் இருத்தல் வேண்டும் என்னும் இக்கருத்து மிகப் பழையது. உருக்கு அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த காலத்தில், கொல்லர் முழுக் கத்தியையும் உருக்காற் செய்யவில்லை. மெல்லிரும்பைப் பிளந்து, அதன் வாயிலே ஒரு சிறு உருக்குப் பட்டையை வைத்து, ஏறக்குறைய வெண்ணிறமாகக் காய்ச்சி, அடித்து ஒன்றாக்கினர். அவ்வெப்பத்திலே தூவிய மணல் உருகி, இரும்பின் மேற்பட்ட செதிலைக் கரைத்து வெளியே தள்ளும். அதனால் இரும்பும் உருக்கும் இடைவெளியின்றிப் பொருந்தும். வெங்காரமும் இவ்வேலைக்கு உதவும். சிக்கனத்திற்காகத் தோன்றிய முறை சிறந்த கத்தியைத் தரும் முறையாகவும் அமைந்தது.

அலகு முடிந்தபின் பிடி. அலகின் வாலைக் காய்ச்சி, துளையிட்ட பிடியினுட் செலுத்தி, அரக்கினால் இறுக்கி, வாயிலே பூண் இடுவது ஒரு முறை. அகன்ற வாலின் இருபுறமும் மரத்தை வைத்துத் தறைவது மற்றொரு முறை. முதிரை, பாலை, வேம்பு ஆகிய மரங்களும், முதிர்ந்த பனையின் வைரமும் பிடிக்கு ஏற்றவை. முன்னாளில் மான்கொம்பையும் விரும்பிக் கொண்டனர். காட்டு விலங்குகளைக் காக்கும் 1937 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கும் நாட்டிலே அவ்விருப்பத்தை விட்டொழிப்பதே முறை. மீன் வெட்டுவோரின் பிடி எப்பொழுதும் ஈரத்திலும் நெய்ப்பிலும் கிடப்பது. ஆதலால் அது கையினின்று வழுவாதபடி அடியிலே சற்றுப் பருத்திருத்தல் வேண்டும். எண்ணெய் ஊறியிருத்தலும் வேண்டும்.

இப்பொழுது நாம் முன்பு எழுப்பிய கேள்விக்கு வருவோம். சொல்லிச் செய்விக்கும் கத்தியின் சிறப்பு யாது? பாளை சீவுபவரை எடுத்துக்கொள்வோம். அவர் தளநாரைக் காலிற் பூட்டி, நெடும்பனையின் உச்சிக்கு ஏறி, வட்டிலே ஒரு கையை ஊன்றி, மறு கையால் வேலை செய்கிறார். நாள்தோறும் பாளையின் நுனியிலிருந்து மிக மெல்லிய ஒரு சீவல் மட்டும் நீங்க வேண்டும். அலகு கூராக இருந்தால் பாளையின் நுண்குழாய்கள் திறந்து, சாறு சொட்டும். அலகு மழுங்கியிருந்தால் குழாய்கள் நசுங்கும்; சாறு குறையும்; பாளையும் விரைவில் முடிந்துபோகும். அதுமட்டுமன்று, மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கும். நிலத்திலே நின்று அழுத்துவது வேறு. பனை உச்சியில் ஒரு கையால் அழுத்துவது வேறு. அங்கே கத்தி சறுக்கினால் இழப்பது சாற்றை மட்டுமன்று.

ஆகையால் அவருடைய கைக்கு ஏற்ற பாரம், அவர் சீவும் திசைக்கு ஏற்ற வளைவு, இடக்கையரா வலக்கையரா என்பதற்கு ஏற்ற வாய்ச்சரிவு ஆகிய இவையெல்லாம் ஒருங்கே அமைதல் வேண்டும். கொல்லர் அவரை நேரிற் கண்டு, பழைய கத்தி தேய்ந்த இடத்தைப் பார்த்து, அதற்கேற்பப் புதியதை அமைக்கிறார். ஒரு கத்தி தேய்ந்த முறையே அதனை ஆண்டவரின் கைப்பழக்கத்தைக் கூறும். ஆயிரக்கணக்காக ஒரே அச்சில் வெட்டப்படும் கத்திக்கு இந்தச் செய்தி தெரிய வழியில்லை.

கரையோரத்தில் வாழ்வோருக்கு இன்னொரு கவலை உண்டு, அது துரு. உப்புக் காற்றிலே உருக்குக் கத்தி ஓரிரவிற் சிவந்துவிடும். துருப்பிடிக்காத உருக்கு என்று கடைகளில் விற்பதிலே நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேற்பட்ட குரோமியம் கலந்திருக்கும். 1913 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செபீல்டு நகரிலே ஆரி பிரியர்லி என்பவர் அத்தகைய உருக்கை வார்த்த பின்னரே அது கத்தித் தொழிலிற் பரவியது. அதன் பயனை நாம் மறுக்கவில்லை. வீட்டுச் சமையலறைக்கு அது வசதியானதே. ஆயினும் அதற்குத் தோய்ச்சல் கொடுக்க 1000 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தை அளந்து நிறுத்திப் பிடித்தல் வேண்டும். கரியுலையிலே அது எளிதன்று. மலிவான வகைகள் கூரையும் நெடுநேரம் தாங்குவதில்லை. உருக்குக் கத்தியோ சிறு கவனத்தையே கேட்கும். வேலை முடிந்ததும் நன்னீரிற் கழுவி, துடைத்து, சில துளி தேங்காயெண்ணெய் தடவி வைத்தால் அது ஆண்டுக்கணக்காக உழைக்கும். தீட்டும்போது மேட்டுச் சரிவை மாற்றாமல், இரு பக்கமும் ஒரே அளவாகத் தீட்ட வேண்டும். வறண்ட சாணையிலே பொறி பறக்க நெடுநேரம் பிடித்தால், கொல்லர் இறக்கிய பதம் அந்தச் சூட்டிலே மேலும் இறங்கிவிடும். வாயிலே நீல நிறம் கண்டால் அவ்விடத்துக் கூர் கெட்டது என்று அறிக. பலகையில் நுண்மணல் தூவித் தீட்டிய நம் முன்னோரின் முறையில் அந்த ஆபத்து இல்லை.

நேயர்களே, இத்தொழில் இக்கரைக்குப் புதிதன்று. மாதோட்டம் முன்னாளில் இந்துமாக்கடல் வாணிகத்தின் பெருந்துறைகளுள் ஒன்றாக விளங்கியது. 1980 முதல் 1984 வரையில் மாந்தை மேட்டிலே நடந்த அகழாய்வில் சீனத்துப் பீங்கானும், பாரசீகக் குடா நாடுகளின் மெருகிட்ட மட்கலமும் கிடைத்தன. உலோகத் தொழில் நடந்தமைக்கு அறிகுறியான கசடும் கிடைத்தது. அக்காலத்தில் இலங்கையின் உருக்கு உலகறிந்த பொருளாயிருந்தது. 9 ஆம் நூற்றாண்டில் பாக்தாதிலே வாழ்ந்த அறிஞர் அல் கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில், சரந்தீபத்து உருக்கினாலான வாளைத் தனி வகையாகக் குறித்துள்ளார். சரந்தீபம் என்பது இலங்கைக்கு அராபியர் இட்ட பெயர்.

அந்த உருக்கு எவ்வாறு செய்யப்பட்டது? இதற்கு விடை இரத்தினபுரி மாவட்டத்து மலைச்சாரலிலே கிடைத்தது. சமனல வாவி நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது, கில் யூலெவ் என்னும் ஆய்வாளர் அப்பகுதியை ஆராய்ந்து, மேற்குத் திசையை நோக்கிய சரிவுகளில் 77 இடங்களிலே பழைய உலைகளைக் கண்டார். அவற்றிற்குத் துருத்தி தேவைப்படவில்லை. சோளகக் காற்றையே அவை துருத்தியாகக் கொண்டன. 1994 ஆம் ஆண்டில் அதே வகை உலையைக் கட்டி, அதே காற்றிலே இரும்பு உருக்கிக் காட்டினர். காபன் மிகுந்த உருக்கும் அதிற் கிடைத்தது. அச்செய்தி 1996 ஆம் ஆண்டில் வெளியானபோது உலகத்து அறிஞர் வியந்தனர். 7 ஆம் நூற்றாண்டிலிருந்து 11 ஆம் நூற்றாண்டு வரையில் அம்முறை சிறந்து விளங்கியது. மன்னார்த் தீவின் தென்கரையிலே 2020 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காற்றாலையின் சுழலிகளை இன்று சுழற்றுவதும் அதே சோளகக் காற்றுத்தான்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன் மலைச்சாரலிலே பலர் அறிந்திருந்த ஒரு முறையை, நம் காலத்தில் மண்ணைத் தோண்டியே மீண்டும் அறிய வேண்டியதாயிற்று. காற்றுலை மறைந்த பின்னரும் இரும்பையும் உருக்கையும் சிறு உலைகளிலே செய்யும் தொழில் இலங்கையில் நெடுங்காலம் நிலைத்தது. 19 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய இரும்பு மலிவாக வந்து குவிந்ததும் அதுவும் தளர்ந்தது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, அத்தொழிலை நினைவில் வைத்திருந்த முதியோர் சிலரைத் தேடிக் கண்டு, அவர்களைக் கொண்டு செய்து காட்டச் செய்து, 1908 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலே பதிவு செய்தார். அவர் சிறிது பிந்தியிருந்தால் கேட்பதற்கு ஆளே இருந்திருக்க மாட்டார். மலிவான பொருள் வந்தபோது எவரும் அந்த அறிவை வேண்டுமென்று அழிக்கவில்லை. வாங்குவோர் குறைந்தனர், கற்போர் குறைந்தனர், அவ்வளவே.

அன்று உருக்குச் செய்யும் அறிவு போயிற்று. உருக்கைப் பதப்படுத்தும் அறிவு ஊர்க் கொல்லரிடம் எஞ்சி நின்றது. 1983 முதல் 2009 வரை நடந்த போரிலே மன்னார்க் கரையின் ஊர்கள் பல பெயர்ந்தன. குடும்பங்களோடு தொழில்களும் இடம் மாறின. உலையை மீண்டும் கட்டலாம். பட்டடையை மீண்டும் வாங்கலாம். ஆனால் வைக்கோல் நிறத்துக்கும் கபில நிறத்துக்கும் இடையே உள்ள அந்த ஒரு கணத்தைத் தந்தையின் அருகே நின்று பார்த்துப் பழகாத இளைஞனுக்கு அதனை யார் கற்பிப்பார்? கையறிவு கையிலிருந்து கைக்கே செல்வது. ஒரு தலைமுறை இடையிலே விடுபட்டால், அடுத்த தலைமுறை மண்ணைத் தோண்டித்தான் அதனைத் தேட வேண்டும்.

இதற்குப் பெருந்திட்டம் எதுவும் வேண்டுவதில்லை. வீட்டிலே மழுங்கிக் கிடக்கும் கத்தியை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதற்கு முன், அதனை ஊர்க் கம்மாலைக்கு ஒரு முறை கொண்டு செல்லுங்கள். புதியது செய்விக்கும்போது எந்த வேலைக்கு, யாருடைய கைக்கு என்பதைச் சொல்லுங்கள். அவர் கேட்கும் நியாயமான கூலியைப் பேரம் பேசாது கொடுங்கள். பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே அழைத்துச் செல்லுங்கள். பௌதிகமும் இரசாயனமும் கற்கும் மாணவன், நூலிலே படித்த காபனையும் காந்தத்தையும் அங்கே கண்ணெதிரே காண்பான். எழுதத் தெரிந்தவன் கொல்லர் சொல்வதை எழுதி வைப்பான்; கைத்திறமுள்ளவன் ஒருவன், ஒருவேளை, சுத்தியலைக் கையில் எடுப்பான்.

கத்தி வெட்டும் கருவி மட்டுமன்று. மென்மையையும் வன்மையையும் ஒரே உடலில் உரிய இடத்தில் அமைத்து வைத்த அறிவின் வடிவம் அது. அவ்வறிவு இன்னும் நம் கரையிலே உயிரோடிருக்கிறது. அது இருக்கும்போதே கேட்டறிந்து கொள்வது நம் கடமை.